மொட்டை மாடிச் சாவி

வேளச்சேரியில் நான் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தில் மொட்டை மாடிக்கு ஒரு பூட்டு உண்டு. சாவி, தரைத்தளத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரரிடம். 2023 கோடையில் ஒருநாள், நாலு தொட்டி வைத்து அரைக்கீரை போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "தண்ணி இறங்கிடும் சார்" என்றார். வடாம் காயவைக்கலாமா? "காக்கா வரும் சார்." சரி, சாயங்காலம் சும்மா போய்க் காற்று வாங்கிவிட்டு வருகிறேனே? என்னை மேலும் கீழும் பார்த்தார். வாடகை கொடுப்பவனுக்குக் காற்று வேறு கேட்கிறதா என்று அந்தப் பார்வைக்குப் பொருள்.

அடுத்த ஞாயிறு, அடுக்குமாடி வீடு பார்க்கக் கிளம்பிய மச்சினனுக்குத் துணையாகப் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போனேன். விற்பனை அலுவலகத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் வரப்போகும் கட்டடத்தின் மாதிரி. கட்டடத்தின் மண்டையில் அடர்ந்த காடு. குனிந்து பார்த்தேன், பச்சைச் சாயத்தில் தோய்த்த ஸ்பாஞ்சு. அந்த ஸ்பாஞ்சுக் காட்டில் அரை அங்குல உயரத்தில் ஒரு வெள்ளைக்காரர் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"இது க்ரீன் ரூஃப் சார். ஃபுல்லா சஸ்டெய்னபிள். பீப்பிள் சென்ட்ரிக் டிசைன்" என்றார் டை கட்டிய தம்பி. மக்களை மையமாகக் கொண்ட கட்டடம். சரி, மக்கள் எங்கே என்று பெட்டி முழுக்கத் தேடினேன். நாய்க்காரரைத் தவிர ஒருவரும் இல்லை.

"இதுக்கு முன்னாடி இந்த இடத்துல என்ன தம்பி இருந்துச்சு?"

"எம்ப்டி லேண்ட் சார்."

காலி நிலம்! அந்தக் காலி நிலத்துக்குப் பள்ளிக்கரணைக் கழுவெளி என்று ஒரு பெயர் உண்டு. தென்சென்னை ஏரிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக் கொடுக்கும் மழைத் தண்ணீர் கடைசியில் அங்கே வந்து உட்கார்ந்து, இளைப்பாறி, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் பக்கம் கடலுக்குப் போகும். 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் கிடந்த ஈரம் அது. 2022-ல் ராம்சார் ஈரநிலம் என்று உலகப் பட்டியலில் சேர்த்தபோது கணக்கில் வந்தது 1,248 ஹெக்டேர்தான். மீதி எங்கே என்று கேட்காதீர்கள். பாதிப் பேர் அதன்மேல் உட்கார்ந்துதான் இந்தக் கட்டுரையைப் படிக்கிறீர்கள். உலகப் பட்டியலில் ஏறிய அதே ஆண்டு ஏப்ரலில், அந்தக் கழுவெளியின்மேல் மாநகராட்சி மலையாகக் கொட்டி வைத்திருந்த பெருங்குடிக் குப்பை தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. வந்த விருந்தாளிக்கு ஆரத்தி எடுக்க வேண்டாமா!

தரையில் இருந்த பச்சையைத் தின்று ஏப்பம் விட்டாயிற்று. இப்போது மாடியில் பச்சை வளர்க்கிறோம். இதற்குச் சான்றிதழ் வேறு கொடுக்கிறார்கள்.

சான்றிதழ் எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தேன். இந்த வியாபாரத்தில் பெரிய கை, அமெரிக்காவில் பிறந்த 'லீட்'. அதன் 2009-ஆம் ஆண்டுப் பட்டியலில் மொத்தம் 110 புள்ளி. 60 எடுத்தால் தங்கம், 80 எடுத்தால் பிளாட்டினம். ஈரநிலத்தையும் வெள்ளப் படுகையையும் நல்ல விளைநிலத்தையும் தொடாமல் வேறு இடம் பார்த்துக் கட்டினால் 1 புள்ளி. சைக்கிள் நிறுத்த இடமும், மிதித்து வந்தவர் குளிக்க அறையும் வைத்தால் 1 புள்ளி. கூரையில் பாதிக்குச் செடி வளர்த்தால் 1 புள்ளி.

நான் கணக்கில் மந்தம். எனக்கே இந்தக் கணக்கு விளங்கிவிட்டது. சதுப்பு நிலத்தை மூடினால் ஒரு புள்ளி நட்டம். மாடியில் புல் வளர்த்தால் அந்த நட்டம் ஈடாகிவிடும். சைக்கிள் ஸ்டாண்டும் வைத்துவிட்டால் ஒரு புள்ளி லாபம். கடல் தாண்டி வந்து இறங்கும் பூநாரைக்கும் இரண்டு இரும்புக் குழாயை வளைத்து நட்ட சைக்கிள் ஸ்டாண்டுக்கும் தராசில் ஒரே எடை. முதல் புள்ளி கட்டாயமும் கிடையாது. வேண்டுமென்றால் எடுக்கலாம், வேண்டாமென்றால் விடலாம். பசுவைக் கொன்று செருப்பு தானம் என்பார்கள் பெரியவர்கள். இது பசுமையைக் கொன்று புல் தானம்.

தங்கம் வாங்கிய கட்டடங்கள் சென்னையில் என்ன பாடுபட்டன என்பது தனிக் கதை. ஓமந்தூரார் தோட்டத்தில் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் சேர்ந்த கட்டடம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. உலகிலேயே முதல் பசுமைச் சட்டமன்றம் என்று மார் தட்டினார்கள். தங்கச் சான்றும் வந்தது. பிரதமர் வந்து திறக்கும் நாளுக்குள் குவிமாடம் மட்டும் முடியவில்லை. என்ன செய்தார்கள்? சினிமா கலை இயக்குநரை அழைத்துக் குவிமாடம் செட் போட்டார்கள். மறு ஆண்டு ஆட்சி மாறியது. பழைய ஆட்சியின் செட்டுக்குள் புதிய ஆட்சி நடிக்க மறுத்துவிட்டது. 2014-ல் அது மருத்துவமனை ஆனது. அதே 2010-ல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் தங்கச் சான்று. 2011-ல் அதையும் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப் பார்த்தார்கள். நீதிமன்றம் குறுக்கே நின்றது. பசுமைத் தங்கம் வாங்கிய கட்டடத்தைக் கண்டாலே ஆட்சிக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்ததில் ஒரு வைத்திய நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

கண்ணாடிக்கு வருவோம். குளிர்தேசத்தான் கண்ணாடி வீடு கட்டுவது, போகிற வெயிலைப் பிடித்து உள்ளே அடைத்துக்கொள்ள. நமக்கு வெயில் பஞ்சமா? தமிழ்நாட்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றே 2024-ல் அறிவித்துவிட்டார்கள். அந்தப் பேரிடரை மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் வழியாகச் சிவப்புக் கம்பளம் விரித்து உள்ளே அழைக்கிறோம். பிறகு ஏ.சி. போட்டு வெளியே துரத்துகிறோம். துரத்திய சூடு எங்கே போகும்? தெருவுக்கு. தெருவில் இருப்பவர் யார்? இளநீர் வெட்டுகிறவர், செருப்புத் தைக்கிறவர், பேருந்துக்கு நிற்கிறவர். உள்ளே இருப்பவரின் 24 டிகிரிக்கு வெளியே நிற்பவர் வட்டி கட்டுகிறார்.

அந்தப் பசுமைக் கட்டடத்தின் வாசலில் தகரக் கூரை போட்ட ஒரு கூண்டு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதற்குள் ஓர் ஆள், முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டு, 12 மணி நேரம் வெந்துகொண்டிருப்பார். நீங்கள் வந்தால் எழுந்து சலாம் வைப்பார். கட்டடத்துக்குப் புள்ளி போட வந்தவர்களுக்கும் அவர்தான் கதவைத் திறந்துவிட்டிருப்பார். கட்டடம் கட்டிய காலத்தில் அதே வளாகத்தின் மூலையில் ஒரு தகரக் கொட்டகை வரிசை நின்றது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அதில் படுத்துத்தான் உங்கள் மாடிக் காட்டுக்குக் கம்பி கட்டினார்கள். மக்கள் மையக் கட்டடக்கலையில் இவர்கள் மையமும் இல்லை, மக்களும் இல்லை.

பசுமைக் கூரையின்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை ஏதும் கிடையாது. மண்ணும் செடியும் தளத்துக்கு நிழல் தரும். கீழே இருப்பவனுக்குச் சூடு குறையும். கொட்டும் மழையைக் கொஞ்சம் பிடித்து வைத்து மெல்ல விடும். நல்ல சங்கதிதான். ஆனால் அதற்குத் தாங்குகிற கட்டடம் வேண்டும். ஆள் நடமாடும் மொட்டை மாடி, சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கினால் போதும் என்பது இந்தியத் தரக் கணக்கு. ஓர் அடி ஆழத்துக்கு மண்ணைக் கொட்டி மழையில் நனைத்தால் 500 கிலோவைத் தாண்டும். ஸ்பாஞ்சு எடை போடாது; மண் போடும். 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் தன் எடையையே தாங்காமல் உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள், பெரும்பாலும் அதைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள். அதன் உச்சியில் ஒரு புல்கூட முளைத்திருக்கவில்லை.

கூரையைக் குளிர்விக்கத் தெரியாத ஊரா இது? ஒரு கூரைக்குத் தன் பெயரையே கொடுத்த ஊர். 'மெட்ராஸ் டெரஸ்' என்று உலகமே சொன்னது. மரச் சட்டங்களுக்குமேல் மெல்லிய செங்கலைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். மேலே தட்டோடு. நூறு வருஷம் நின்ற கூரைகள் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இன்னும் இருக்கின்றன, அடுத்த வாரம் இடிக்கப்படுவதற்காக. இடித்த இடத்தில் வரும் கட்டடத்துக்குப் பசுமைச் சான்று நிச்சயம்.

பக்கத்து மாநிலத்தில் லாரி பேக்கர் என்று ஒருவர் இருந்தார். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வேரூன்றி, 2007-ல் அங்கேயே மறைந்தவர். செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்திக் கட்டி நடுவில் காற்றுக்கு இடம் விட்டார். எலிப்பொறிக் கட்டு என்பார்கள். நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், வெயிலும் சுலபத்தில் உள்ளே வராது. கூரைத் தளத்தில் சிமென்ட் வீணாகும் இடத்தில் பழைய ஓட்டைப் பதித்தார். ஏழைக்கும் வீடு கட்டினார், ஆராய்ச்சி நிலையத்துக்கும் கட்டினார், இரண்டையும் ஒரே மாதிரிச் செங்கலில். நம் ஊர் ஒப்பந்தக்காரர்களுக்கு அவர்மேல் தீராத மனத்தாங்கல் இருக்க வேண்டும். பழைய ஓட்டில் கமிஷன் எடுப்பது எப்படி?

இனிக் கொஞ்சம் தெற்கே போவோம். ஸ்பாஞ்சுக் காட்டிலிருந்து பக்கம்தான். அங்கே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மூன்று இடம். கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் ஊருக்கு நடுவே வாழ்ந்தவர்களை 2000-லிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிய இடங்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றும் 400 சதுர அடிக்குள், எட்டு மாடி அடுக்கில். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரை ஆபத்து என்று அக்கறையோடு அவர்களைக் கிளப்பினார்கள். ஆபத்தில்லாத எந்த இடத்துக்கு? தென்சென்னையின் மழைத் தண்ணீரெல்லாம் தேடி வந்து சேரும் கழுவெளியின் ஓரத்துக்கு! ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றி ஏரி வெள்ளத்தில் குடிவைத்த கருணை வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

தமிழில் இரண்டு சொல் இருக்கின்றன. கூவம் ஓரத்தில் ஓலை வேய்ந்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. கழுவெளி நடுவில் கண்ணாடி மாளிகை எழுப்பினால் அதற்குப் பெயர் ஐ.டி. காரிடார். முதலாவதற்குப் புல்டோசர் வரும், இரண்டாவதற்கு ஆறுவழிச் சாலை வரும்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே பல இடங்களில் மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். வேலைக்கு நடந்து போகலாம், பிள்ளை நடந்து பள்ளிக்குப் போகலாம். பிறகு ஊருக்குள் சதுர அடி விலை ஏற ஏற, ஏழையின் முகவரி ஊரைவிட்டு நகர்ந்தது. 2021-ல் அந்த வாரியத்துக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று புதுப் பெயர். ஐம்பது ஆண்டு உழைத்துக் கடைசியில் ஒரு குடிசையை முழுமையாக அகற்றிவிட்டார்கள், பெயர்ப் பலகையிலிருந்து.

பெயர் வைப்பதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை. நீதி கேட்டு அரசனின் வாசலுக்குப் போன பெண்ணின் பெயரை, நீதி கிடைக்காதவர்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடத்துக்கு வைத்தோம். 2001-ல் மெரினாவில் நின்ற கண்ணகியின் சிலையையே அகற்றிய ஊர் இது. 2006-ல் அவளைத் திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்தில் நிறுத்தினார்கள். கண்ணகி நகர்க்காரர்களை அப்படி யாரும் திரும்பக் கொண்டுவரவில்லை. அதற்குப் பதிலாக 2020-ல் அவர்கள் வீட்டுச் சுவர்களில் மாடி உயரத்துக்குப் பெரிய பெரிய ஓவியம் வரைந்து, கலை வட்டாரம் என்று பெயர் சூட்டினார்கள். ஓவியர்கள்மேல் குறையில்லை, அழகாகத்தான் வரைந்தார்கள். ஓவியம் சுவரின் வெளிப்பக்கம் இருக்கிறது. ஓதம் ஏறுவது உள்பக்கம்.

எங்கள் தெருவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். முன்பு சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தின் கரையில். வீட்டிலிருந்து வேலைக்குப் பத்து நிமிட நடை. "இப்ப எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"எட்டாவது மாடிண்ணா. காத்து நல்லா வரும்னு சொன்னாங்க. காத்து வருது. வேலதான் வரல."

லிஃப்ட் நின்றால் எட்டு மாடியும் குடத்தோடு ஏற வேண்டும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க அவர் தலைமேல் கக்கும். மேலே மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். ஸ்பாஞ்சு இல்லை, நாய்க்காரர் இல்லை. நடந்து வேலைக்குப் போன ஒரு பெண்ணை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் எறிந்து, பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் புகை கக்க வைத்துவிட்டு, அதே புகையைக் குறைக்க நம் அலுவலகத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்துப் புள்ளி வாங்குகிறோம். இந்த ஊரிலேயே குறைவான மின்சாரத்தில், குறைவான தண்ணீரில், பழைய பலகையையும் பழைய தகரத்தையும் மறுபடி மறுபடி பயன்படுத்தி வாழ்ந்தவர்கள் அவர்கள். பசுமைச் சான்று ஒன்று உண்மையிலேயே இருந்திருந்தால் முதல் பிளாட்டினம் கூவம் கரைக்குப் போயிருக்க வேண்டும். போனது புல்டோசர்.

இதைச் சொன்னால், அரசு மாடித் தோட்டத்துக்கு எவ்வளவு செய்கிறது தெரியுமா என்பார்கள். செய்கிறது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் பை, தென்னை நார்க் கழிவு, விதை எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பு தருகிறது. அந்தத் தொகுப்புக்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'மாடித் தோட்டத் தளை'. தளை என்றால் விலங்கு என்றும் பொருள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்று இனி யாரும் சொல்லாதீர்கள். மாடியின் சாவி இல்லாதவனுக்கு மாடித் தோட்டம் விலங்குதானே?

மழைநீருக்கும் இதே கதி. 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். நம் ஆட்கள் மாடியிலிருந்து ஒரு குழாயை இறக்கி, அது போய்ச் சேருகிற குழியை மட்டும் கற்பனைக்கு விட்டுவிட்டார்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டன; ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. கண்ணாடி மாளிகைக்காரர்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். கட்டடத்தில் எல்லாச் சான்றும் இருந்தது, கழிப்பறைக்குத் தண்ணீர்தான் இல்லை.

நான் மொட்டை மாடியில் இடம் கேட்ட அதே 2023-ல், டிசம்பரில், மிக்ஜாம் புயல் வந்தது. கழுவெளி தன் நிலத்தைக் கேட்டு வந்து எங்கள் தெருக்களில் நின்றது. பட்டாவெல்லாம் அது பார்க்கவில்லை. எங்கள் கட்டடத்தில் முதலில் வாகனங்கள் மூழ்கின. பிறகு வீட்டுக்காரரின் சோபா மிதந்தது. மின்சாரம் போனது, கைப்பேசி செத்தது. ராத்திரி அவரே கைலியை மடித்துக் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, படியேறிப் போய் மொட்டை மாடிப் பூட்டைத் திறந்தார். பத்துக் குடும்பமும் மேலே போனோம். தார்ப்பாய் கட்டினோம். மண்ணெண்ணெய் அடுப்பில் ஒருவர் கஞ்சி வைத்தார். பாத்திரம் தேய்க்கும் அக்கா எங்கே இருக்கிறாரோ என்று யாரோ கேட்டார்கள், யாருக்கும் தெரியவில்லை. தூரத்தில் அந்தப் பசுமைக் கட்டடங்கள் இருட்டில் நின்றன, விளக்கில்லாமல், லிஃப்ட் இல்லாமல், சான்றிதழோடு.

வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் தண்ணி இறங்கிடும் என்று சொல்லவில்லை. ஏறிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் வடிந்தது. ஐந்தாம் நாள் காலையில், துரு ஏறிய பழைய பூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று வாங்கிவந்து மாட்டினார். கொஞ்சம் பெரிய பூட்டு.